நீலகிரியில் மகப்பேற்று மருத்துவம்: ஒரு வரலாற்று நோக்கு

மக்கட்பேற்றைப் பேறுகளுள் தலையாயதாகப் போற்றியது தமிழ் மரபு. வள்ளுவர் அதற்கெனத் தனி அதிகாரம் வகுத்தார். பின்வந்த புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துப் பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகையை வளர்த்தனர். ஆயினும், பிறந்த பிள்ளையைப் பாடிய அளவிற்குப் பெற்றவள் பட்ட பாடு ஏட்டிலக்கியத்தில் இடம்பெறவில்லை. அதனை மக்களின் பேச்சே காத்து வந்துள்ளது. பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்று ஊர்தோறும் மூதாட்டியர் கூறுவர். மீண்டு வாராத பெண்களைக் கண்ணாரக் கண்ட தலைமுறைகளின் கூற்று அது.

அவ்வாறு மீண்டு வாராதோர் இன்றும் உள்ளனர். 2023-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 2,60,000 பெண்கள் கருவுற்ற காலத்திலோ, மகப்பேற்றின்போதோ, அதனையடுத்த நாள்களிலோ உயிர் நீத்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேற்பட்டோர் வருவாய் குறைந்த நாடுகளைச் சேர்ந்தவர்கள். இவ்விறப்புகளுள் பெரும்பாலானவற்றைத் தடுக்கும் வழியை மருத்துவ உலகம் நெடுங்காலமாகவே அறிந்துள்ளது. அறிந்த மருத்துவம் உரிய பெண்ணை உரிய வேளையில் சென்றடையாமையே இடரின் வேர். அறிவுக்கும் தாய்க்கும் இடையிலான அத்தொலைவு எவ்வாறு நேர்ந்தது, எவரால் குறைந்தது என்பதை ஆராய்வார்க்கு நீலகிரி மாவட்டத்தின் வரலாறு பெருந்துணை புரியும். தாய்மாரின் இரத்தத்தைப் பற்றிய இரண்டு முதன்மையான ஆய்வுகள் நிகழ்ந்த மலை அது. அந்த ஆய்வுகளின் பயன் அம்மலைப் பெண்களிடமே வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று.

நலம் நாடி வந்தோரும் மலையில் வாழ்ந்தோரும்

1819-ஆம் ஆண்டில் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் நீலமலை மீது ஏறினார். சில ஆண்டுகளில் உதகையில் கல்வீடு ஒன்றைக் கட்டிக் குடியேறினார். சமவெளியின் வெப்பமும் காய்ச்சலும் தாங்காத ஆங்கிலேயர்க்கு இம்மலை உடல்நலம் தேறும் இடமாயிற்று. வெலிங்டனில் படைவீரர்களுக்கான பாசறை எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாண அரசு கோடைதோறும் உதகைக்கு இடம்பெயர்ந்தது. 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் உதகைக்கும் மலை இரயில் வந்தது. ஆக, நீலகிரியின் அண்மைக்கால வரலாறு உடல்நலம் என்ற சொல்லோடுதான் தொடங்குகிறது. அந்நலம் எவருடைய நலம் என்ற வினாவும் அப்போதே தொடங்கிவிட்டது.

ஏனெனில், மலை ஆளற்றதாக இருக்கவில்லை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் ஆகியோர் மேட்டு நிலத்திலும் சரிவுகளிலும் வாழ்ந்தனர். கூடலூர்ப் பக்கத்தில் பணியரும் காட்டுநாயக்கரும் வாழ்ந்தனர். இவர்கள் ஒவ்வொருவரிடமும் மகப்பேறு குறித்த முறைமைகள் இருந்தன. கேம்பிரிட்ஜ் அறிஞர் ரிவர்ஸ் 1901, 1902 ஆண்டுகளில் தோடர்களிடையே ஆய்வு நிகழ்த்தி, 1906-இல் வெளியிட்ட நூலில் அவர்களுடைய வில் கொடுக்கும் சடங்கை விரிவாகப் பதிவு செய்துள்ளார். கருவுற்ற ஏழாம் திங்களை ஒட்டி ஆடவன் ஒருவன் அப்பெண்ணுக்குச் சிறு வில்லையும் அம்பையும் அளிப்பான். அளித்தவனே சமூகத்தின் கண்ணில் பிறக்கவிருக்கும் குழந்தையின் தந்தை. கருவுற்ற காலத்திலும் பேற்றிற்குப் பின்னரும் பெண் சில நாள்கள் தனிக்குடிலில் தங்கும் வழக்கமும் இருந்தது. உறவுமுறையை வரையறுப்பதில் இம்முறைமைகள் நுட்பமானவை. ஆயின் குருதிப்பெருக்கு, கரு குறுக்கே கிடத்தல், பேற்றுக் காய்ச்சல் ஆகிய இடர்களுக்கு அவற்றில் விடையில்லை. அக்காலத்தில் உலகின் எந்தச் சமூகத்து மரபிலும் அதற்கு விடை இருந்ததில்லை என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும்.

விடை மெல்ல மெல்ல நகரங்களில் உருவாயிற்று. சென்னை எழும்பூரில் 1844-இல் மகப்பேற்று மருத்துவமனை தொடங்கப்பெற்றது. 1885-இல் டஃபரின் சீமாட்டியின் பெயரால் நிதியம் ஏற்பட்டு, பெண்களுக்குப் பெண் மருத்துவரே மருத்துவம் செய்யும் ஏற்பாடு விரிந்தது. அதே ஆண்டில் மேரி ஷார்லீப் முயற்சியால் சென்னையில் கோஷா மருத்துவமனை தோன்றியது. ஊர் மருத்துவச்சியர்க்குப் பயிற்சி அளிக்க 1903-இல் கர்சன் சீமாட்டி விக்டோரியா நினைவு உதவித்தொகையை ஏற்படுத்தினார். இவை யாவும் பெரும்பான்மையும் நகரம் சார்ந்த முயற்சிகளே. மலைச்சரிவில் இருந்த பெண்ணுக்கும் நகரத்து மருத்துவமனைக்கும் இடையே காடும், மழையும், பேசத் தெரியாத மொழியும் நின்றன.

தேயிலையும் பெண்ணுழைப்பும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் நீலகிரியில் காப்பி, தேயிலைத் தோட்டங்கள் பெருகின. கோயம்புத்தூர், சேலம் முதலிய சமவெளி மாவட்டங்களிலிருந்தும் மைசூர்ப் பகுதியிலிருந்தும் மேஸ்திரிகள் வழியாகத் தொழிலாளர் குடும்பங்கள் வந்தன. கொழுந்து பறித்தல் பெரும்பாலும் பெண்களின் தொழிலாயிற்று. தேயிலைத் தொழிலின் அடிப்படை பெண்ணின் விரல்களே எனின் அது மிகையாகாது.

இக்குடிப்பெயர்ச்சி மகப்பேற்றின்மேல் விளைவித்த மாற்றம் எளிதிற் கண்ணிற்படுவதன்று. சமவெளி ஊர்களில் தலைப்பிள்ளைப்பேறு தாய்வீட்டில் நிகழ்வதே மரபு. வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீடு சேர்வாள். மருத்துவர் குலத்து மூதாட்டி ஒருத்தி மருத்துவச்சியாக அவ்வூரில் இருப்பாள். அவளுக்குப் பயிற்சி இல்லாதிருக்கலாம். ஆயினும் அவள் அழைத்த குரலுக்கு வருபவள். மலையேறிய பெண்ணோ தாய்வீட்டையும் மருத்துவச்சியையும் ஒருசேரப் பின்னே விட்டு வந்தாள். வரிசையாகக் கட்டப்பட்ட லயன் வீட்டில், மழையும் பனியும் சூழ, அண்டை வீட்டுப் பெண்களின் துணையே அவளுக்குத் துணையாயிற்று. பழைய காப்பு அறுந்தது; புதிய காப்பு இன்னும் வரவில்லை. இவ்விடைவெளியில்தான் தோட்டப் பெண்கள் பல தலைமுறை வாழ்ந்தனர்.

குன்னூர் ஆய்வுக்கூடம்

குன்னூரில் 1907-இல் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பெற்றது. வெறிநாய்க்கடிக்கு மருந்து ஆக்குவதே அதன் தொடக்கப் பணி. அவ்வளாகத்தில் இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் 1918 முதல் உணவுக் குறைபாட்டு நோய்களை ஆராயலானார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்கு அளித்து, அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி கலந்த பஞ்சாபிய உணவு உண்ட எலிகள் செழித்தன; தீட்டிய அரிசியையே பெரிதும் சார்ந்த தென்னாட்டு ஏழையர் உணவை உண்டவை மெலிந்தன. இங்கிருந்து வளர்ந்த ஆய்வுக்கூடமே 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, பின்னர்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரைப் பெற்றது.

இந்த ஆய்வுக்கூடத்திற்கு 1929-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் இலண்டனைச் சேர்ந்த பெண் மருத்துவ அறிஞர் ஒருவர் வந்தார். அவர் பெயர் லூசி வில்ஸ். கருவுற்ற பெண்கள் இறப்பதன் காரணங்களை ஆராய மருத்துவர் மார்கரெட் பால்ஃபர் முன்னின்று மேற்கொண்ட பணியின் பகுதியாக, 1928-இல் அவர் பம்பாய் வந்திருந்தார். துணியாலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கடுமையான இரத்தசோகைக்கு ஆளாகி இறந்துகொண்டிருந்தனர். சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, உருவத்தில் மட்டும் பெருத்துக் காணப்படும் சோகை அது. அப்பெண்களின் வீட்டு உணவை வில்ஸ் கணக்கெடுத்தார். காய்கறியும் பழமும் பாலும் மிகக் குறைவாக உண்டவர்களையே நோய் மிகுதியாகத் தாக்கியது என்பதைக் கண்டார்.

அவ்வாண்டு அக்டோபர் வரை குன்னூரில் தங்கிய வில்ஸ், அதே ஏழை உணவை எலிகளுக்கு அளித்துச் சோகையை உருவாக்கிப் பார்த்தார். ஈஸ்ட் சேர்த்த உணவு அதனைத் தடுத்தது. எலிகளிடையே பேன்வழிப் பரவிய தொற்று முடிவுகளைக் குழப்பியதால், பின்னர்க் குரங்குகளைக் கொண்டும் ஆய்வு தொடர்ந்தது. இறுதியில் பம்பாயில் நோயுற்ற பெண்களுக்கே ஈஸ்ட் சாறு அளிக்கப்பட்டது. மது வடிக்கும் ஆலைகளில் எஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்யப்படும் மார்மைட் என்னும் மலிவான உணவுப்பண்டமே அந்த மருந்து. அதனை உண்ட பெண்கள் சில நாள்களிலேயே தேறத் தொடங்கினர். 1931-இல் இம்முடிவுகள் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தன. அவ்வாண்டின் தொடக்கத்தில் வில்ஸ் சென்னைக் கோஷா மருத்துவமனையிலும் பணியாற்றினார். பெயரறியாத அந்தச் சத்தினை மருத்துவ உலகம் சில காலம் 'வில்ஸ் காரணி' என்றே வழங்கியது.

1941-இல் அச்சத்து பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லை அடியாகக் கொண்டு அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான குழுவினர் 1940-களின் நடுவில் அதனைச் செயற்கை முறையில் ஆக்கிக் காட்டினர்.

குன்னூரைச் சூழ்ந்திருந்த தோட்டங்களில் நாள்தோறும் இலை பறித்த பெண்களுக்கு, இலையின் பெயர் கொண்ட இச்சத்து எப்போது கிடைத்தது என்பதே வரலாறு கேட்கும் வினா. இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையைக் கருவுற்ற பெண்களுக்கு வழங்கும் நாடு தழுவிய திட்டத்தை இந்திய அரசு 1970-இல்தான் தொடங்கியது. குன்னூர் ஆய்வுக்கும் அத்திட்டத்திற்கும் இடையே 41 ஆண்டுகள். ஒரு பெண் பிறந்து, மணந்து, பிள்ளைகள் பெற்று, பேரப்பிள்ளையையும் காணத்தக்க காலம் அது.

இரண்டாவது ஆய்வின் கதையும் இத்தகையதே. 1952-இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்னும் இரு அறிஞர்கள் நீலகிரிப் பழங்குடியினரின் இரத்தத்தைச் சோதித்து, சிவப்பணு அரிவாள் வடிவில் வளையும் மரபுக்கூறு அவர்களிடம் இருப்பதைக் கண்டறிந்தனர். இந்தியாவில் இந்நோய்க்கூறு குறித்து வெளிவந்த முதற்பதிவுகளுள் இது ஒன்று. அரிவாள் உயிரணு நோயுள்ள பெண் கருவுற்றால் தாய், சேய் இருவர்க்கும் இடர் மிகும். அறிஞர் உலகம் 1952-இல் அறிந்த இச்செய்தி, அம்மக்களின் குடில்களில் முறையான மருத்துவமாக மாறியது 1990-களில்தான். அம்மாற்றம் கூடலூரில் நிகழ்ந்தது. அதற்கு முன் தோட்டங்களிலும் தோடர் மந்துகளிலும் நிகழ்ந்தவற்றைக் காண்போம்.

சட்டமும் சேமிப்புக் கணக்கும்

விடுதலைக்குப் பின் நாடாளுமன்றம் 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. தொழிலாளர்க்கு மருத்துவ வசதி, குடியிருப்பு, குழந்தைகள் காப்பகம், பேறுகால உதவி ஆகியவற்றை அளிப்பது தோட்ட உரிமையாளரின் கடமை என அச்சட்டம் விதித்தது. 1961-இல் வந்த பேறுகால நலச் சட்டம் 12 வார ஊதியத்துடன் கூடிய விடுப்பைப் பெண்ணின் உரிமையாக்கியது. 2017-இல் அது 26 வாரமாக உயர்ந்தது. பெருந்தோட்டங்களில் மருத்துவமனையும் செவிலியும் வந்தமைக்கு இச்சட்டங்களே காரணம். 2020-இல் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இவற்றைத் தம்முள் அடக்கிக்கொண்டன.

சட்டத்திற்கும் எல்லை இருந்தது. 1981-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின்னரும், 5 ஹெக்டேர் பரப்பும் 15 தொழிலாளரும் கொண்ட தோட்டங்களையே அது பொதுவாகக் கட்டுப்படுத்தியது. நீலகிரியிலோ தேயிலையின் பெரும்பகுதி சிறு விவசாயிகளின் கையில் உள்ளது. ஓரிரு ஏக்கர் தோட்டங்களில் நாட்கூலிக்குக் கொழுந்து பறிக்கும் பெண் இச்சட்டத்தின் வேலிக்கு வெளியே நின்றாள். ஒரே மலைச்சரிவில், ஒரே இலையைப் பறிக்கும் இருவருள் ஒருத்திக்குப் பேறுகால ஊதியம் உண்டு, மற்றொருத்திக்கு இல்லை.

1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழரும் இம்மாவட்டத்திற்குப் பெருமளவில் வந்தனர். அவர்களுக்கு வாழ்வளிக்கவே அரசு 1968-இல் தேயிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. அதுவே பின்னர்க் குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. ஒரு மலையை விட்டு மற்றொரு மலைக்கு வந்த அப்பெண்களும் தாய்வீடு துறந்து வந்த முதல் தலைமுறையினரின் நிலையையே மீண்டும் எய்தினர்.

தோட்டங்களின் வரலாற்றில் குறிப்பிடத்தக்க மற்றொரு நிகழ்ச்சி 1971-இல் தொடங்கியது. 1893-இல் தோன்றிக் குன்னூரில் இயங்கிவரும் தென்னிந்தியத் தோட்ட அதிபர் சங்கமாகிய உபாசி, பொருளியல் அறிஞர் ரொனால்டு ரிட்கர் வகுத்த கருத்தை ஏற்று, நீலகிரியின் சில தேயிலைத் தோட்டங்களில் ஒரு சேமிப்புத் திட்டத்தை நடைமுறைப்படுத்தியது. பிள்ளை பெறும் பருவத்துப் பெண் தொழிலாளியின் பெயரில், அவள் கருவுறாத ஒவ்வொரு திங்களுக்கும் 5 ரூபாய் வரவு வைக்கப்படும். பிள்ளைகளின் எண்ணிக்கை மிகுந்தால் தொகையில் ஒரு பகுதி குறையும். பிறப்புகள் குறைந்தால் பேறுகால உதவி, காப்பகம், பள்ளி ஆகியவற்றிற்கு நிருவாகம் செய்யும் செலவு குறையும். அச்சேமிப்பே இத்தொகைக்கு ஊற்று. உலக அளவில் குடும்பநல ஆய்வாளர்கள் இதனைக் கூர்ந்து நோக்கினர்.

இத்திட்டத்தை இருவகையாகவும் மதிப்பிடல் வேண்டும். பெண்ணின் பெயரிலேயே கணக்குத் தொடங்கியது அக்காலத்தில் அரிய செயல். ஆயின், தாய்மையைச் செலவுக் கணக்கின் ஓர் உருப்படியாகக் கண்ட பார்வை அதனுள் இருந்தது என்பதையும் மறைத்தற்கில்லை. பிள்ளை பெறாமைக்குப் பரிசு தரப்பட்டது. பெறும்போது உயிர் பிழைத்தற்குரிய ஏற்பாடு அதனினும் முதன்மையானது. இந்த இரண்டாவது தேவையை உபாசியின் விரிவான தொழிலாளர் நலத் திட்டம் வேறொரு வகையில் நிறைவு செய்ய முயன்றது. லயன் குடியிருப்புகளில் வாழும் தொழிலாளர்களிலிருந்தே சில குடும்பங்களுக்கு ஒருவர் இணைப்புப் பணியாளராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். கருவுற்றவள் யார், தடுப்பூசி பெறாதவள் யார், முகம் வெளுத்துக் காணப்படுபவள் யார் என்பதை அண்டை வீட்டார் என்ற உரிமையால் அறிந்து, மருத்துவமனைக்குத் தெரிவிப்பது அவர் பணி. சேமிப்புக் கணக்கைவிட இந்த இணைப்புப் பணியே பிற பகுதிகளுக்கும் வழிகாட்டியாயிற்று எனலாம்.

தோடர் குலச் செவிலி

அண்டையில் இருப்பவரே அணுகத்தக்கவர் என்னும் உண்மை, தோடர்களிடையே இதற்கு முன்னரே மெய்ப்பிக்கப்பட்டிருந்தது. 1950-களின் தொடக்கத்தில் தோடர் தொகை ஐந்நூறுக்கும் கீழே சென்றுவிட்டது. வெளியாரின் வருகையோடு பரவிய பால்வினை நோய்களால் கருச்சிதைவும் பிள்ளையின்மையும் பெருகியமை இதற்கு முதன்மைக் காரணம். இவ்வினம் அழிந்துவிடும் என்று எழுதியோர் பலர்.

அந்நிலையில் நடமாடும் மருத்துவப் பணி தோடர் மந்துகளை நாடிச் சென்றது. அதன் உயிர்நாடியாக விளங்கியவர் ஈவாம் பில்ஜெயின். தோடர் குலத்தில் பிறந்து செவிலியர் பயிற்சி பெற்ற முதற்பெண். நோயைப் பற்றி வெளியாரிடம் வாய்திறவாத பெண்கள் தம் மொழியிலேயே பேசும் செவிலியிடம் பேசினர். மருந்து ஏற்கப்பட்டது, பிள்ளைகள் பிறந்தன, பிறந்தவை பிழைத்தன. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தோடர் தொகை ஏறத்தாழ 2,000 ஆக உயர்ந்திருந்தது. வில் கொடுக்கும் சடங்கு இன்றும் நிகழ்கிறது. ஓர் இனம் தன் மரபைக் கைவிடாமலேயே மருத்துவத்தை ஏற்க இயலும் என்பதற்குத் தோடர் வரலாறே சான்று. 1958-இல் மருத்துவர் நரசிம்மன் கோத்தகிரியில் நிறுவிய நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கமும் இதே காலத்து விழிப்பின் விளைவாகும்.

கூடலூர் காட்டிய வழி

மாவட்டத்தின் மேற்கே, கேரள எல்லையை ஒட்டிய கூடலூர், பந்தலூர்ப் பகுதியில் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், இருளர் ஆகியோர் வாழ்கின்றனர். கூடலூர் உதகையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். பந்தலூர் அதற்கும் அப்பால். நிலத்தையும் காட்டையும் இழந்து கூலிகளாகிப்போன இம்மக்கள் மருத்துவமனையை அஞ்சி விலகினர். அங்கே அவர்கள் மொழி எவருக்கும் தெரியாது. வரிசையின் இறுதியிலேயே அவர்களுக்கு இடம். வீட்டில் இறப்பது அவமதிப்பைவிட மேல் என்று கருதிய பெண்கள் இருந்தனர் எனின் வியப்பதற்கில்லை.

1980-களின் நடுவில் ஸ்டான் தேக்கேக்கரா, மாரி தேக்கேக்கரா இணையர் அக்கார்டு என்னும் அமைப்பை அங்குத் தொடங்கினர். நில உரிமைக்காக ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் எழுந்து, 1988 டிசம்பர் 5 அன்று கூடலூரில் பெரும் பேரணி நடத்தியது. உரிமைப் போராட்டமும் மருத்துவப் பணியும் ஒரே வேரில் கிளைத்தன என்பது இங்கு நோக்கற்பாலது. 1987-இல் வந்த மருத்துவர்கள் தேவதாசனும் ரூபா தேவதாசனும் கட்டடம் எழுப்பும் பணியை முதலில் மேற்கொள்ளவில்லை. பழங்குடிப் பெண்களையும் இளைஞர்களையும் தெரிந்தெடுத்துச் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றினர். கருவுற்ற பெண்ணின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவும், இடர்க்குறிகளை அறியவும், மாத்திரையும் தடுப்பூசியும் ஏன் என்று விளக்கவும் அவர்கள் கற்றனர்.

மக்கள் நம்பிக்கை வளர்ந்த பின்னரே, 1990-இல், கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை உருவாயிற்று. அதனை நடத்த அஸ்வினி என்னும் அமைப்புத் தோன்றியது. மகப்பேற்று மருத்துவர் ஷைலா தேவியும் அறுவை மருத்துவர் நந்தகுமார் மேனனும் அங்கே பொறுப்பேற்றனர். செவிலியர் பழங்குடிப் பெண்களே. பணியர் மொழியும் குறும்பர் மொழியும் அங்கே வார்டின் மொழிகள். 1992-இல் பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுடன் இணைந்து சங்க உறுப்பினர்க்கு மருத்துவக் காப்பீடும் ஏற்பட்டது. அரிவாள் உயிரணு நோய்க்கான சோதனையும் தொடர் மருத்துவமும் இங்கே நடைமுறைக்கு வந்தன. 1952-இல் நூலில் ஏறிய செய்தி, நாற்பது ஆண்டுகள் கடந்து தாய்மாரின் படுக்கையருகே வந்து சேர்ந்தது. நடுவணரசு இந்நோய்க்கென நாடு தழுவிய இயக்கத்தைத் தொடங்கியது 2023-இல்.

அரசின் பங்கும் எஞ்சிய வினாவும்

1987-இல் நைரோபியில் கூடிய உலக மாநாடு பாதுகாப்பான தாய்மை என்னும் இயக்கத்தை முன்வைத்தது. தாய் இறப்பதற்கு மூன்று தாமதங்கள் காரணம் என்று 1994-இல் ததேயுஸ், டெபோரா மெய்ன் என்னும் ஆய்வாளர்கள் வகுத்துக் கூறினர். மருத்துவத்தை நாட வேண்டும் என்று முடிவெடுப்பதில் தாமதம். மருத்துவமனையை அடைவதில் தாமதம். அடைந்தபின் உரிய மருத்துவம் கிடைப்பதில் தாமதம். நீலகிரிக்கு இம்மூன்றும் பொருந்தும். இரண்டாவது தாமதத்தை மலையே உண்டாக்குகிறது. 1993 நவம்பரில் மரப்பாலத்திலும், 2009 நவம்பரில் மாவட்டத்தின் பல இடங்களிலும் நிகழ்ந்த மண்சரிவுகள், மழைக்காலத்தில் சாலை எத்துணை நிலையற்றது என்பதை உணர்த்தின.

இம்மூன்று தாமதங்களையும் குறைப்பதில் தமிழக அரசு ஆற்றிய பணி பெரிது. தாய்மார் இறப்பு ஒவ்வொன்றையும் ஆய்ந்து காரணம் காணும் முறை 1990-களிலேயே இங்குத் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் செவிலியர் இருக்கும் ஏற்பாடு வந்தது. 108 அவசர ஊர்தி 2008-இல் தொடங்கியது. மலைப்பகுதிகளில், பேற்றுநாள் நெருங்கிய பெண் முன்கூட்டியே வந்து தங்கும் காத்திருப்பு அறைகள் அமைக்கப்பட்டன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் அமைந்த மகப்பேறு நிதியுதவி 2006-இல் 6,000, 2011-இல் 12,000, 2018-இல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. இவற்றின் பயனாக, ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2001–03 காலத்தில் 134 ஆக இருந்த தமிழகத் தாய்மார் இறப்பு, 2018–20 காலத்தில் 54 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் இந்தியா முழுமைக்கும் அது 97. நீலகிரிக்கு 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது. 2025 ஏப்ரலில் உதகையில் 700 படுக்கைகள் கொண்ட அதன் மருத்துவமனை திறக்கப்பெற்றது.

2019–21 ஆண்டுகளில் நிகழ்ந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்துப் பேறுகளில் நூற்றுக்கு 99.6 மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்ந்தன. இது பெருமைக்குரியது. அதே கணக்கெடுப்பு மற்றொன்றையும் கூறுகிறது. தமிழகத்துக் கருவுற்ற பெண்களுள் நூற்றுக்கு 48.3 பேர் இரத்தசோகை உடையவர்கள். நான்காம் கணக்கெடுப்பில் 44.4 ஆக இருந்தது சற்றே ஏறியுள்ளது. ஏறத்தாழ எல்லாப் பெண்களும் மருத்துவமனைக்கு வந்துவிட்டனர். அவர்களுள் ஏறத்தாழ பாதிப்பேர் குருதி வளம் குன்றியவர்களாகவே வருகின்றனர். குருதி குன்றிய பெண்ணுக்குப் பேற்றின்போது நிகழும் சிறு குருதிப்போக்கும் பேரிடராய் முடியக்கூடும்.

மருத்துவமனை என்பது பேற்றின் இறுதி நாளுக்குரியது. சோகை முந்தைய பல ஆண்டுகளின் விளைவு. வீட்டில் யார் முதலில் உண்பது, யார் இறுதியில் உண்பது என்பதன் விளைவு. பறித்த கொழுந்தின் எடைக்குத் தக்க கூலியில் காய்கறிக்கும் பாலுக்கும் எவ்வளவு எஞ்சுகிறது என்பதன் விளைவு. மெக்காரிசன் எலிகளின் தட்டில் கண்டதும், வில்ஸ் பம்பாய் ஏழைப் பெண்களின் அடுக்களையில் கண்டதும் இதுவே. சாலையும் ஊர்தியும் இத்தொலைவைக் கடந்துவிட இயலா. மாத்திரை கொடுக்கப்பட்டது என்று பதிவேட்டில் எழுதுவதும் இதனைக் கடந்ததாகாது. அது உண்ணப்பட்டதா, உண்டபின் வயிறு புரட்டியதால் நிறுத்தப்பட்டதா என்பதை அறிந்து சொல்ல, அவ்வீட்டு வாயிலில் உரிமையோடு நிற்கக்கூடிய ஒருத்தி வேண்டும்.

தோடர் மந்தில் ஈவாம் பில்ஜெயினும், லயன்களில் இணைப்புப் பணியாளரும், கூடலூர்ப் பாடிகளில் பழங்குடிச் செவிலியரும் அவ்வாறு நின்றவர்கள். கிராமச் சுகாதாரச் செவிலியர் இன்று அப்பணியைத் தொடர்கின்றனர். நீலகிரியில் மகப்பேற்று மருத்துவம் பெற்ற வெற்றிகளுள் நிலைத்தவை யாவும் இத்தகையோர் வழியாகவே வந்துள்ளன. பெருந்தோட்டங்கள் நலிந்து, நிலையான தொழிலாளி நாட்கூலியாக மாறும் காலத்தில், சட்டத்தின் பாதுகாப்பு எவருக்கு எஞ்சும் என்ற வினா மீண்டும் எழுகிறது. கட்டடங்களுக்கு ஒதுக்கும் பொருளில் ஒரு பகுதியை, வாயில்தோறும் செல்லும் இப்பெண்களின் எண்ணிக்கைக்கும் ஊதியத்திற்கும் பயிற்சிக்கும் ஒதுக்குதல் இவ்வரலாறு தரும் படிப்பினையாகும். 1929-இல் குன்னூரில் தேடப்பட்ட சத்து, அம்மலையில் கொழுந்து பறிக்கும் கடைசிப் பெண்ணின் குருதியில் சேரும்போதுதான் அந்த ஆய்வு நிறைவெய்தும்.